வீட்டை விற்பதற்கு முன் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் வரும் வீட்டுமனை இணைப்பைப் புரட்டினால், மூத்த குடிமக்களுக்கான தனிக் குடியிருப்பு விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படுகிறது. கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் இவை பெருகிவிட்டன. சென்னைப் புறநகரிலும் அப்படித்தான். பெருகுவதில் வியப்பில்லை. 2021 மதிப்பீட்டின்படி தமிழக மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே கணிப்பு. பிள்ளைகள் பெங்களூரிலோ டாலஸிலோ இருக்க, இரண்டு பேர் மட்டும் பெரிய வீட்டில் இருக்கிற குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே தேவைப்படுகிறது. நல்ல முறையில் நடக்கும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் வரும் நீச்சல் குளத்தையும் யோகா கூடத்தையும் வைத்து முடிவெடுத்தால், பத்து வருடம் கழித்துத் திண்டாட வேண்டி வரும். எதை வைத்து முடிவெடுப்பது என்று எழுத இடம் தந்தால் உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும்.

முதலில், இந்த இடங்கள் என்ன செய்து தரும், என்ன செய்து தராது என்பது தெளிவாக வேண்டும். சமையல், வீடு பெருக்கித் துடைப்பது, காவல், குழாய் மின்சார ரிப்பேர், பகலில் ஒரு நர்ஸ், அவசர மணி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு. இவ்வளவுதான். குளிப்பாட்டி விடுவது, உடுத்தி விடுவது, கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப் போவது, படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது, ஊட்டி விடுவது ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்காது. அதற்கு உதவியுடன் வாழும் பிரிவோ நர்ஸிங் பிரிவோ தனியாக இருக்க வேண்டும். ‘உடம்பு தள்ளவில்லை, அதனால் அங்கே போகிறோம்’ என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறார்கள். உடம்பு ஓரளவு தள்ளும், வீட்டு நிர்வாகம்தான் முடியவில்லை என்பவர்களுக்கான இடம் இது.

தனக்கு எது பொருந்தும் என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்றில் குளியல், உடை, கழிப்பறை, எழுந்து உட்காருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இன்னொன்றில் சமையல், கடைக்குப் போவது, துணி துவைப்பது, வீட்டுவேலை, போன் பேசுவது, பயணம், மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பது, வங்கிக் கணக்கு. இரண்டாவது பட்டியலில் சிலது கஷ்டம், முதல் பட்டியல் முழுக்கச் சிக்கலில்லை என்றால் தனிக் குடியிருப்பு பொருந்தும். முதல் பட்டியலில் இரண்டு இடறினாலே வேறு வகை இடத்தைப் பாருங்கள். இரண்டாவது பட்டியலில் இடறுவது மாத்திரையும் பணமும் மட்டும்தான் என்றால், இடம் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் போய் ஞாபகசக்தியைப் பரிசோதியுங்கள். நினைவு மங்கும்போது முதலில் இந்த இரண்டிலும் தடுமாற்றம் தெரிவதுண்டு.

நடைக்கும் எளிய சோதனை உண்டு. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். உடனே இடம் மாற வேண்டும் என்பதில்லை. பிசியோதெரபி, பார்வைப் பரிசோதனை, தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கூடிப்போயிருக்கிறதா என்ற மறுபார்வை, இவைதான் முதல் வேலை.

பலருக்கு இருக்கிற வீட்டையே திருத்தினால் போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கழிப்பறையில் சுவரில் ஊன்றிய இரண்டு கைப்பிடிகள், வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாறுவது, சமைக்க ஒரு ஆள். சில மாத சேவைக் கட்டணத்துக்குள் இது முடிந்துவிடும். தெருவில் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவும், நடந்து போகிற தூரத்தில் கோயிலோ மசூதியோ தேவாலயமோ, இருபது வருடமாகப் பார்க்கும் டாக்டரும் இருக்கிறவர்கள் அதை விட்டுப் போவதற்குப் பெரிய காரணம் வேண்டும்.

போவது என்று மனசு வந்துவிட்டால், நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எங்களால் தனியாக முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?’ என்பது. வாயால் சொல்லும் பதில் போதாது, ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள். பல ஒப்பந்தங்களில் ‘குடியிருப்பவர் சுயமாக இயங்கக்கூடியவராக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த நிலை மாறினால் குடும்பம் சொந்தச் செலவில் ஆள் வைக்க வேண்டும், அல்லது வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அடுத்த வரி இருக்கும். அந்த வரி இருப்பதே தப்பில்லை. மாறிவிட்டது என்று யார் முடிவு செய்வார்கள், எத்தனை நாள் அவகாசம், வெளியிலிருந்து கூட்டிவரும் உதவியாளர் இரவில் வீட்டிலேயே தங்கலாமா, அவருக்குச் சாப்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, அதே வளாகத்தில் நர்ஸிங் பிரிவு இருந்தால் இங்கே குடியிருப்பவருக்கு அங்கே முன்னுரிமை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால்தான் தப்பு. ‘அடுத்த கட்டத்தில் நர்ஸிங் பிரிவு வருகிறது’ என்றால், இன்று அது இல்லை என்றே கணக்கு வையுங்கள்.

பணக் கணக்கை நிதானமாகப் போட வேண்டும், ஏனென்றால் கணக்குத் தவறுவது இங்கேதான். ஒரு தம்பதிக்குப் பராமரிப்பு ரூ.14,000, சாப்பாடு ஆளுக்கு ரூ.6,500 வீதம் ரூ.13,000, மின்சாரம், மருந்து, ஆட்டோ என்று ரூ.8,000, ஆக ரூ.35,000 என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். இடத்துக்கு இடம் மாறும். வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் பத்தாவது வருடம் முடியும்போது அதே வாழ்க்கைக்கு மாதம் சுமார் ரூ.75,500 வேண்டும். பதினைந்து வருடத்தில் ரூ.1,11,000. சம்பளமும் காய்கறியும்தான் இந்த இடங்களின் பெரிய செலவுகள். இரண்டுமே குறைகிற சாதி அல்ல. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சமான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.61,500 வரும். அதாவது மாதத்துக்கு ரூ.20,500. அந்தத் தொகை ஐந்து வருடமும் ஒரே தொகைதான், கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எனவே கடந்த மூன்று வருடத்தில் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று பழைய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

வரியும் இதில் சேரும். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒரு உறுப்பினருக்கு மாதம் ரூ.7,500 வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நிறுவனமே தன் கணக்கில் பராமரிப்புக் கட்டணம் வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. 18 சதவீதம் கூடும். ரூ.14,000 என்று சொன்னது பில்லில் ரூ.16,520 ஆகிவிடும். சொன்ன தொகை வரியோடா, வரி இல்லாமலா என்று முதல் நாளே கேளுங்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு, ஒருவர் மட்டும் மிஞ்சும்போது என்ன ஆகும் என்பது. கணவரின் அரசு ஓய்வூதியம் ரூ.40,000 என்றால், கூடுதல் விகிதத்தில் தரும் ஆரம்ப காலம் முடிந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் ரூ.24,000. கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதமாக இருந்தது 30 சதவீதமாகிவிடுகிறது. வருமானம் 40 சதவீதம் குறைகிறது. செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு என்பதால் அந்த ரூ.14,000 அப்படியே நிற்கும். சாப்பாடு ரூ.6,500, மற்றவை ரூ.5,000 என்று வைத்தால் ரூ.25,500. இந்த நிலையில் ஒரு முழுநேர உதவியாளர் தேவைப்பட்டு அதற்கு ரூ.25,000 ஆனால், மாதம் ரூ.50,500, உதவியாளரின் சாப்பாடு தனி. இந்தத் தொகைக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தபின் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு படுக்கையறைக்குப் பதில் ஒன்று போதும் என்று பலருக்கு அப்போது புரியும். மனைவியை உட்கார வைத்து, இந்தக் கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்வது நல்லது. தனியே மிஞ்சப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

அடுத்தது, எந்த முறையில் உள்ளே போவது. கிரயத்துக்கு வாங்குவது, பெரிய தொகை டெபாசிட் கட்டி ஆயுள் வரை இருப்பது, வாடகைக்கு இருப்பது என மூன்று முறைகள் பொதுவாக உண்டு. கிரயம் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு (வளாக நிலத்தில் உங்கள் பெயருக்கு வரும் பங்கு) எத்தனை சதுர அடி, 30 வருட வில்லங்கச் சான்று, கட்டட நிறைவுச் சான்று, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் ஆகியவற்றைப் பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ அந்தப் பதிவு கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க 2016ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அனுமதிக்கவில்லை. கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இத்தனை பாதுகாப்பும் கட்டடத்துக்குத்தான். சாப்பாடு சரியில்லை, நர்ஸ் வருவதில்லை என்பதற்கு அந்தச் சட்டம் பெரிதாக உதவாது. சேவை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கை கொடுக்கும்.

டெபாசிட் முறையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால், வங்கி தன் அடமானத்தைக் காட்டிக் கேட்கும். டெபாசிட் கட்டியவரிடம் ரசீது மட்டுமே இருக்கும். எந்தப் பிடிமானமும் இல்லாமல், பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் வங்கிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். வெளியேறினாலோ இறந்தாலோ எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போகத் திருப்பித் தருவார்கள், ‘அடுத்த ஆள் வந்தபின் தருவோம்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிபந்தனை இருந்தால், உச்சவரம்பாக ஒரு தேதியை எழுதி வாங்குங்கள்.

கிரயத்துக்கு வாங்கியதை விற்பதும் எளிதல்ல. 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருக்கும். பிள்ளைகளுக்கு வீடு சொத்தாக வரும், குடியேற முடியாது. வாங்க ஆள் வரும்வரை காலி வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். சில இடங்களில் பெயர் மாற்றக் கட்டணமும் உண்டு. முதலீடு என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். மாதச் செலவுக்குப் பணம் மிச்சமிருக்கிறவர் தன் வசதிக்காக வாங்கும் வீடு இது.

இதனால்தான் முதலில் வாடகை என்கிறோம். ஒரு வாரம் விருந்தினர் அறையில் தங்குவது போதாது. அந்த வாரம் எல்லாரும் நன்றாகத்தான் கவனிப்பார்கள். ஆறு மாதம் இருந்தால் ஒரு மழைக்காலம், ஒரு பண்டிகை, ஒரு காய்ச்சல், சமையல்காரர் மாறுவது என எல்லாம் பார்த்துவிடலாம். அதுவரை பழைய வீட்டைப் பூட்டி வையுங்கள் அல்லது வாடகைக்கு விடுங்கள். விற்கவும் வேண்டாம், பிள்ளைகள் பெயருக்கு மாற்றவும் வேண்டாம்.

தங்கும்போது எதைப் பார்ப்பது? இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறை அவசர மணியை இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஆள் வர வேண்டும். வருகிறவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். மணிக் கயிறு தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டும். தோள் உயரத்தில் பொத்தான் வைத்திருந்தால், எழ முடியாதவருக்கு அது எட்டாது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். கதவு அகலம் 90 சென்டிமீட்டர், சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், ஸ்ட்ரெச்சர் படுத்தபடி நுழையும் லிஃப்ட் இவற்றை டேப்பை வைத்து அளந்தே பாருங்கள். மின்வெட்டில் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, வீட்டுக்குள் ஒரு பிளக் பாயிண்டுக்கும் வருமா? ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவருக்கு அது உயிர் பிரச்சினை.

ஆஸ்பத்திரி தூரத்தை விளம்பரப் படத்தில் பார்க்காமல், மாலை ஆறு மணிக்குக் காரில் போய்ப் பாருங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே அருகில் கிளினிக் இருக்கிறதா என்பதைவிட, இரவிலும் சிடி ஸ்கேனும் இதய சிகிச்சைப் பிரிவும் இயங்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதே கேள்வி. கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகள் பல அவிநாசி சாலைப் பக்கம். தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து அங்கே போக நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். மலையடிவாரத்தில் காற்று நன்றாக இருக்கும், உண்மைதான். அந்தப் பக்கம் இருட்டியபின் யானை நடமாட்டமும் உண்டு என்பதால், மாலை நடையை வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாடு சின்ன விஷயமாகத் தோன்றும். வெளியேறுகிறவர்கள் முதலில் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று. பொதுச் சமையல் கூடம் சைவம் மட்டுமே என்பது தமிழ்நாட்டில் பல இடங்களில் வழக்கம். சொந்த அடுப்பில் மீன் குழம்பு வைக்கலாமா, கூடாதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அறுபது வருடம் சாப்பிட்ட சாப்பாட்டை மறைத்துச் சாப்பிடும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வளாகத்தில் என்ன பண்டிகைகள் கொண்டாடுகிறார்கள், யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு அங்கே இயல்பாக இருக்க முடியுமா என்பது தெரியும். உப்பு, சர்க்கரை குறைத்த சமையல் தினமும் தனியாக உண்டா, மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போனால் சாப்பாட்டுக் கட்டணம் கழியுமா, பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் கேளுங்கள்.

இறப்பைப் பற்றியும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை உடலை எங்கே வைப்பார்கள், காரியங்கள் செய்ய இடம் தருவார்களா, யார் கூட நிற்பார்கள்? அனுபவமுள்ள நிர்வாகம் இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

காகித வேலைகளில் இரண்டு இடத்தில் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தெளிவிழந்தாலோ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. அன்றாடப் பணத்துக்கு, இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டு வங்கிக் கணக்கு வேண்டும். சொத்துக்கு உயில் வேண்டும். பழைய வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மெண்டாகக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், ‘எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் வருட முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது, அந்த நிபந்தனை இருந்ததா என்பதுதான் வழக்கின் மையமாகிறது.

இன்னொன்று சிகிச்சை முடிவு. வென்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா என்று ஆஸ்பத்திரி கேட்கும்போது, குடியிருப்பு மேலாளரால் உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023இல் எளிதாக்கிய முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் சார்பில் யார் பேசுவார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். ஒரு பிரதியைக் குடியிருப்பு அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாதிரி என்பதால், ஒப்பந்தத்தில் ஏறினால்தான் அவை குடியிருப்பவரைக் காக்கும். பத்திரிகைகள் இதில் ஒரு உதவி செய்யலாம். மூத்த குடிமக்கள் குடியிருப்பு விளம்பரங்களை வாங்கும்போது மூன்று விவரங்களைக் கட்டாயமாகக் கேளுங்கள்: கடந்த மூன்று வருட மாதக் கட்டணம் வரியோடு எவ்வளவு, குடியிருப்பவர் படுக்கையில் விழுந்தால் அதே வளாகத்தில் இருக்க முடியுமா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும். ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணுக்குக் கீழே இந்த மூன்று வரிகளுக்கும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
முதியோர் நலப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.